மத்தியானத்தில் சாத்திய வீடு

எங்கள் ஊரில் ஜன்னல் வைத்த வீடு ஒன்றுதான் இருந்தது. காப்பி பயிரிட வந்து, கைவிட்டுப் போன யாரோ ஒருவர் கட்டிய ஓட்டு வீடு அது. மற்றவை எல்லாம் புல் வேய்ந்தவை. குனிந்து நுழைய ஒரு கதவு இருக்கும். வெளிச்சம் வேண்டுமானால் வெளியே வந்துவிடுவோம். ஆகவே ஒரு ஜன்னல் திறந்திருந்தால் என்ன பொருள், சாத்தியிருந்தால் என்ன பொருள் என்று யோசிக்கும் அவசியம் அந்தக் கோடைவரை எங்களுக்கு வந்ததில்லை.

யுத்த காலம். கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறினால்தான் எங்கள் திண்ணனூர் நாடு; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பங்குனிக் கடைசியில் அப்படி ஏறி வந்தார்கள் ஒரு தொரையும் தொரசானியும். மலையில் என்னென்ன கல் இருக்கிறது என்று பார்ப்பது தொரையின் உத்தியோகம். கூடவே கோயமுத்தூர்ப் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர் வந்தார். அவர்கள் பேசும் இங்கிலீஷும் நாங்கள் பேசும் தமிழும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஜன்னல் வீட்டில் சாமான்களை இறக்கி வைத்த கையோடு, கூடியிருந்த ஊருக்கு அவர் விளக்கம் சொன்னார்.

"இவங்க இங்கிலீஸ்காரங்க இல்லீங்க. கிரேக்கு."

"கிரகமா?" என்றார் எங்கள் மாமா. அம்மாவின் தம்பி; எதற்கும் முதல் ஆளாகப் பேசுபவர். "எந்தக் கிரகமுங்க? சனியா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க, எள்ளு வெளக்கு ஏத்தீரலாம்."

சமையல்காரர் சிரிக்கவில்லை. கடலோரத்தில் பெரிய பட்டணமாம் அவர்களுடையது. சண்டைக்காரன் வந்து பிடித்துக்கொண்டானாம். ஒரு வருஷமாக அங்கிருந்து ஒரு தகவலும் இல்லையாம். ஊருக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை. எங்களுக்குச் சேலத்திலிருந்தே தகவல் வருவது அபூர்வம்.

எங்கள் வீட்டில் அப்போது வேறு கவலை. அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஆலத்தூர் நாடு. முந்தைய வருஷமே நடந்திருக்க வேண்டியது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து தள்ளிப்போனது. இன்னொரு தரம் தள்ளிப்போனால் பெண்ணின் ராசி சரியில்லை என்று வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அதை அவர்கள் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மா விடிந்ததிலிருந்து சாமை குத்தினாள், கூரைக்குப் புல் சேர்த்தாள், இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள், மறுபடியும் குத்தினாள். அக்கா பேசுவதையே குறைத்துவிட்டாள்.

என் வேலை, மத்தியானம் தொரசானிக்குப் பால் கொண்டுபோவது. வாசலில் நின்று "பால் வந்திருக்குதுங்க!" என்று கத்த வேண்டும். விறகு கொண்டுபோகிறவர் "வெறகு வந்திருக்குதுங்க" என்பார். தண்ணீர் கொண்டுபோகிற பெண்ணும் அப்படியே. இதனால் தொரசானி முதலில் கற்றுக்கொண்ட தமிழ் 'வந்திருக்குது' என்பதுதான். கத்தினால் கதவைத் திறந்து, சொம்பைக் காட்டி, "பால் வந்திருக்குது" என்று தானும் சொல்வாள். என் அம்மாவைக் காட்டி 'அம்மா' என்ற சொல்லை நான் கற்றுக்கொடுத்திருந்தேன். அதன் பொருள் அவளுக்கு உடனே பிடிபட்டது.

அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் சொருகுகிறது. வெயில் ஏறியதும் அவள் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவாள். வீடு இருண்டுவிடும். பலகை இடுக்குகள் வழியே வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் கிடக்கும். என்னையும் பாயில் படுக்கச் சொல்வாள். பட்டப்பகலில், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது படுப்பது எங்கள் வீட்டில் கேள்விப்படாதது. அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். தூங்குகிறாளா என்று தெரியாது. வெளியே சில்லென்று காற்று அடிக்கும். எங்கள் மலையில் சித்திரையில்கூடப் போர்த்திக்கொண்டு படுக்கிறவர்கள் உண்டு. இல்லாத வெயிலுக்குப் பயந்து ஒருத்தி ஏன் இருட்டில் கிடக்கிறாள் என்று கோடுகளை எண்ணியபடி படுத்திருப்பேன்.

சாயங்காலம் ஜன்னல்கள் திறக்கும். அவள் தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, நாற்காலி ஒன்றைப் பாதையோரத்தில் போட்டு உட்காருவாள். மற்றவர்களும் நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள் என்று எதிர்பார்த்தவள்போல் இருக்கும். ஊரில் வேறு நாற்காலி இல்லை. பிறகு எழுந்து நடப்பாள். பலாமரம்வரை போவாள், திரும்புவாள், மறுபடி பலாமரம்வரை போவாள். தலையில் சுமை இல்லை, கையில் அரிவாள் இல்லை. முதல் நாள் இதைப் பார்த்த மாமா, அவள் எதையோ தொலைத்துவிட்டாள் என்று முடிவு செய்து, பின்னாலேயே குனிந்து தரையைத் தேடிக்கொண்டு போனார். அவள் திரும்பிப் பார்த்தாள். என்ன தேடுகிறார் என்று தெரியாமல் அவளும் குனிந்து தேடினாள். இரண்டு பேரும் இருட்டும்வரை தேடினார்கள்.

"அவங்க பட்டணத்துல கோடைன்னா இப்படித்தானுங்க," என்றார் சமையல்காரர். "மத்தியானம் ஊரே சாத்திட்டுத் தூங்குமாம். சாயந்தரமானா ஊரே தெருவுக்கு வந்து சும்மா நடக்குமாம்."

"சும்மாவா?" என்றாள் அம்மா.

"சும்மாதானுங்க."

"குடுத்து வெச்சவங்க," என்று சொல்லி அம்மா உலக்கையை எடுத்தாள்.

ஒருநாள் தொரசானி தன் கட்டிலருகே இருந்த போட்டோவைக் காட்டினாள். ஒரு தெரு. ஜன்னல் சாத்திய வீடு. வாசலில் நாற்காலி போட்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மீசை வைத்த ஒருவர். "யாரு?" என்றேன். கண்ணாடிமேல் விரலை வைத்தாள். "மாமா," என்றாள். விரல் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. மீசை வைத்தவர்தான் மாமா. அவர்கள் ஊரிலும் மாமாவை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

சித்திரை நடுவில் சமையல்காரருக்கு மலைக்காய்ச்சல் கண்டு, அடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொரை கல் பார்க்கத் தெற்கே போயிருந்தார். தொரசானி தனியாக இருந்தாள். துணிப்பெட்டியில் பூச்சி அண்டாமலிருக்க என்று சமையல்காரர் அடிவாரத்திலிருந்து வரவழைத்திருந்த வேப்பங்கொத்துகள் மிச்சம் கிடந்தன. ஒரு காலையில் அவள் அவற்றை வளைத்து, கொடியால் சுற்றி, மேட்டில் பூத்திருந்த மஞ்சள் பூக்களை இடையிடையே சொருகி, வளையமாக்கி, வாசற்கதவின் ஆணியில் மாட்டினாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்து, தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவர்கள் நாட்டில் கோடை பிறக்கும்போது வாசலில் இலையும் பூவுமாய் இப்படி ஒரு வளையம் தொங்கவிடுவார்கள் என்பதும், காய்ந்தாலும் நடுக்கோடைவரை அதை எடுக்கமாட்டார்கள் என்பதும் நான் பிற்பாடு அறிந்தவை.

எங்கள் ஊர் கண்டது வேறு. சித்திரை மாதம், வாசலில் வேப்பிலை, மஞ்சள் பூ, பகலில் சாத்திய கதவும் ஜன்னலும், உள்ளே படுத்திருக்கும் பெண். மலைமேல் வேம்பு அவ்வளவாகக் கிடையாது. மெனக்கெட்டு அடிவாரத்திலிருந்து வரவழைத்துக் கட்டுகிறார்கள் என்றால் காரணம் ஒன்றுதான். அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'அம்மா வந்திருக்கு' என்பார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் அந்த வீட்டைச் சுற்றி வழி மாற்றிக்கொண்டது. தண்ணீர்க்குடமும் விறகும் தூரத்தில் வைக்கப்பட்டன. என் பால் வேலை நின்றது. தினமும் அந்த வீட்டில் படுத்தெழுந்தவள் என்பதால் என்னைத் தனியே ஒரு பாயில் விட்டார்கள். அத்தை காலையும் மாலையும் என் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவின் அக்கா அவள். சின்ன வயதில் அம்மா வந்து போன தழும்புகள் முகமெங்கும் இருக்கும்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல. சும்மா தூங்கறாங்க," என்றேன்.

அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். வந்தவளை வரவில்லை என்று சொல்வதைப் போல ஆபத்து வேறில்லை. கோபம் வந்தால் அடுத்த வீடு எங்களுடையது. அதோடு என் சாட்சியம் முடிந்தது.

அன்று ராத்திரி அக்கா மட்டும் என் பாயருகே வந்து, தொடாமல், தள்ளி உட்கார்ந்தாள்.

"நெசமாலுமே ஒண்ணுமில்லியா, கண்ணு?"

"இல்லக்கா."

"மாப்பள ஊட்டுக்காரங்க அந்த வாசல் வழியாத்தான் வரோணும்," என்றாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

ஊர்க்கவுண்டர் நியாயமான மனிதர். வேப்பிலை தொங்கும்வரை மேளம் கிடையாது, கல்யாணமும் கிடையாது என்றார். ஆனால் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றும் சொன்னார். யார் போவது என்ற கேள்வி வந்ததும் அத்தை எழுந்துவிட்டாள்.

"என்னையத்தான் அவ ஏற்கெனவே பாத்துட்டுப் போயிட்டாளே. இனி என்ன இருக்குதுன்னு வருவா?"

நான் எட்டி நின்று பார்த்தேன். அத்தை கதவைத் தட்டினாள். தொரசானி திறந்தாள். சில நாட்களாக யாரும் வராததில் முகம் வாடியிருந்தது. அத்தையைக் கண்டதும் மலர்ந்தது.

"ஏனுங்க, அம்மா வந்திருக்குதுங்களா?" என்று அத்தை பயபக்தியோடு கேட்டாள்.

தொரசானி முகவாயை மெல்ல மேலே தூக்கி, நாக்கால் 'ச்' என்று ஒரு சத்தம் செய்தாள். எங்கள் ஊரில் முகவாயை அப்படித் தூக்கினால் 'என்ன?' என்று அர்த்தம். காது கேட்கவில்லை என்று எண்ணி அத்தை குரலை உயர்த்தினாள்.

"அம்மாங்க! அம்மா! வந்திருக்குதா?"

மறுபடியும் முகவாய் மேலே போனது. மறுபடியும் 'ச்'. அத்தை இன்னும் உரக்கக் கேட்டாள். பாதையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. மூன்றாவது தடவை தொரசானியின் முகவாய் பாதியில் நின்றுவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுகையின் நடுவே, "மாமா, மாமா," என்றாள்.

அத்தை தயங்கவில்லை. நெற்றியைத் தொட்டாள், கையைத் திருப்பிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். சூடும் இல்லை, முத்தும் இல்லை. பிறகு வளையத்தைக் காட்டி, எடுத்துவிடும்படி சைகை செய்தாள். தொரசானி அழுகையை நிறுத்தி, கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். முகவாய் மேலே போனது. இந்தத் தடவை அத்தைக்கும் அர்த்தம் புரிந்தது.

வெகுகாலம் கழித்து, சென்னைத் துறைமுகத்தருகே ஒரு பழவண்டியின் முன்னால் கிரேக்கக் கப்பலின் மாலுமி ஒருவன் நிற்பதைப் பார்த்தேன். வண்டிக்காரர் ஒரு சீப்புப் பழத்தை நீட்டினார். மாலுமி முகவாயைத் தூக்கி, 'ச்' என்றான். "ரஸ்தாளிங்க," என்றார் வண்டிக்காரர். மறுபடி முகவாய் மேலே போனது. "ரஸ்தாளிய்யா, ரஸ்தாளி!" என்று அவர் கத்தினார். பக்கத்திலிருந்த துறைமுகச் சிப்பந்திதான், அவர்கள் நாட்டில் இல்லை என்பதற்கு அதுதான் சைகை என்று சொன்னார். நான் அவரிடம் இன்னொரு சொல்லையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்கள் மொழியில் தாயைத்தான் மாமா என்பார்கள்.

ஆக, அம்மா வந்திருக்கிறாளா என்று அத்தை கேட்டாள். இல்லை என்று அவள் சொன்னாள். அத்தை விடாமல் கேட்டாள். அவளும் விடாமல் சொன்னாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அந்தப் பட்டணத்தில் அப்போது சனங்கள் பட்டினியில் தெருவிலேயே விழுந்து செத்தார்கள் என்பதையும் பிறகு படித்தேன்.

ஊருக்கு இதெல்லாம் எட்டவில்லை. ஆனால் ஊரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. "அவ மாமன நெனச்சு அழுவறா," என்றாள் அத்தை. "நம்ம ஊட்டுக் கல்யாண வேலயப் பாத்திருப்பா. அவ கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து சீர் செய்யலயாட்டம் இருக்குது. அந்தக் கொறை. அதான் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டு எலையக் கட்டியிருக்கறா."

"ஆமா, போட்டோவுல மாமா இருக்காரு," என்றேன் நான். "மீசை வெச்சிருக்காரு."

அதற்குமேல் நிரூபணம் தேவைப்படவில்லை. வேண்டுதலுக்குக் கட்டியதை அடுத்தவர் கை வைத்து எடுக்கக்கூடாது. கட்டியவளே கழற்றித் தர வேண்டும். மாமன் முறைக்கு ஒருவர் முறையோடு போய்க் கேட்டால் தருவாள் என்று ஊர்க்கவுண்டர் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் எங்கள் மாமாவைப் பார்த்தார்கள். அவர் ஏற்கெனவே தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

வைகாசி பிறந்து, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் நெருங்கிவிட்டது. அதற்கு முந்தின நாள் மத்தியானம், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பலாச்சுளை, அக்காவுக்கு வாங்கிய வளையலில் ஒரு ஜோடி எல்லாம் வைத்துக்கொண்டு மாமா புறப்பட்டார். பின்னால் அத்தை, நான், தூரத்தில் அக்கா.

வழியில் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். "'வந்திருக்கேன்'னு சொன்னா அவங்களுக்குப் புரியாதுங்க மாமா. 'வந்திருக்குது'ன்னு சொல்லோணும். பால் வந்திருக்குதுங்கற மாதிரி."

"அடேங்கப்பா, நான் பாலா?" என்றார் மாமா. ஆனால் கேட்டுக்கொண்டார்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வளையத்தின் பூக்கள் காய்ந்து சுருண்டிருந்தன. மாமா வாசலுக்கு எதிரே நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பலாமரம்வரை கேட்கும்படி அறிவித்தார்.

"தொரசானி! மாமா வந்திருக்குது!"

உள்ளே எதுவோ விழுந்து உருண்டது. வெறுங்காலோடு ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவு சுவரில் மோதித் திறந்தது. தலை அவிழ்ந்து கிடக்க, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடத்தோடு அவள் வாசலில் நின்றாள். மாமாவை அவள் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, எங்களையெல்லாம் தாண்டி, பாதை திரும்பி இறங்கும் இடத்தைப் பார்த்தாள். மாமாவும் தாம்பாளத்தோடு திரும்பி அங்கே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பாதையில் யாரும் இல்லை.

"மாமா?" என்றாள் அவள்.

"ஆமாஞ் சாமி. மாமாதான்," என்று மாமா தம் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள். தலைப்பாகையை, தாம்பாளத்தை, வளையலை, தூரத்தில் நின்ற அக்காவை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தபடி அவள் அழவில்லை. வெகுதூரம் நடந்து வந்தவர்கள் சுமையை இறக்கும் முன் நிற்பார்களே, அப்படி நின்றாள். பிறகு கையை உயர்த்தி வளையத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். காய்ந்த இலை உதிர்ந்தது. அதைத் தாம்பாளத்தில், வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

"பாத்தீங்களா? மாமன் மொறைன்னா சும்மாவா?" என்று மாமா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அத்தைக்குக் கண் கலங்கியிருந்தது. அக்கா, பல நாட்களுக்குப் பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்த வாசல் வழியாகவே, ஒன்றையும் கவனிக்காமல், மேளத்தோடு வந்தார்கள். அக்கா ஆலத்தூர் நாட்டுக்குப் போனாள். அம்மா ஒருநாள் முழுக்க உலக்கையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

என் பால் வேலை மறுபடியும் கிடைத்தது. முதல் நாள் போனபோதே ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். நல்ல மத்தியானம். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. தரையில் கோடுகள் இல்லை. வெளிச்சம் அறை முழுக்க இருந்தது. தொரசானி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். படுக்கவில்லை, என்னையும் படுக்கச் சொல்லவில்லை. மழை பிடித்து அவர்கள் மலையிறங்கிப் போகும்வரை அந்த ஜன்னல்கள் மத்தியானத்தில் சாத்தப்படவே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் மலையில் அவ்வளவு வெயில் கிடையாது என்பது ஒருவழியாக அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.